டானிட்சாவிடம் மட்டும் சொன்னது

இரண்டாவது கார்னரிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. முதல் கார்னரில் நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எதிரணியின் ஆறாம் எண்காரி அந்த இடத்தில் நின்றிருந்தாள். தற்செயல் என்று விட்டுவிட்டேன். இரண்டாவதில் நான் இன்னும் கிளம்பவே இல்லை. அவள் போய் நின்றுகொண்டு, வா வா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அது மாண்டினீக்ரோவின் தலைநகர் போட்கொரீட்சாவில், அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பெண்கள் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் எங்கள் ஃபாரோ தீவு அணி குழு ஆட்டங்களைத் தாண்டி அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தது. மாண்டினீக்ரோவோடு இரண்டு ஆட்டம். ஒன்று அவர்கள் ஊரில், நான்கு நாள் கழித்து மற்றது எங்கள் ஊரில். இரண்டிலும் சேர்த்து யார் அதிக கோல் போடுகிறார்களோ அவர்கள் மேலே போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.

நான் ரன்வா. அப்போது அணித் தலைவி. வயது முப்பத்து மூன்று. பந்து இல்லாத நாட்களில் ரூனாவீக்கில் சால்மன் ஆலையில் நின்று மீனை ரகம் பிரிப்பேன். எங்கள் அணியில் எல்லோருக்கும் இப்படி ஒரு பிழைப்பு உண்டு. கார்னர் அடிக்கும் டூரிட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள், கோல்கீப்பர் தபால் கொண்டுபோகிறவள். பயிற்சியாளர் ஹானுஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெரிய நாடுகளைப்போல எங்களால் ஓட முடியாது, எங்களிடம் அத்தனை ஆளும் கிடையாது என்பதால், நின்ற பந்தில் கோல் அடித்தால்தான் உண்டு என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஆகஸ்டு மாதம் எங்களுக்கு ஒரு கார்னர் சொல்லிக் கொடுத்தார். காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகளைப்போல ஐந்து பேர் ஒன்றாக நெருக்கி நிற்போம். டூரிட் கையைத் தூக்கியதும் நான்கு பேர் கோலின் தூரக் கம்பத்தை நோக்கிச் சிதறி ஓடுவார்கள். எதிராளிகள் அவர்கள் பின்னால் போவார்கள். நான் மட்டும் கிட்டத்துக் கம்பத்துக்குப் பாய்ந்து தலையால் முட்டுவேன். அதற்கு ஆட்டுமந்தை என்றே பெயர் வைத்தோம். மைதானத்து வாயிலைப் பூட்டிக்கொண்டு பழகினோம். யாரும் அதைத் தாளில் எழுதக் கூடாது, எழுதினால் அணியில் இடமில்லை என்று ஹானுஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

போட்கொரீட்சாவில் எங்களுக்கு ஏழு கார்னர் கிடைத்தது. ஏழு முறையும் அந்த ஆறாம் எண்காரி எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் நான் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டானிட்சா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது, இடது ஓரத்தில் ஆடுகிறவள். அவளுடைய அப்பா வுகோட்டா மாண்டினீக்ரோக்காரர். பல வருடங்களுக்கு முன்னால் பந்து விளையாட எங்கள் தெற்குத் தீவுக்கு வந்தவர், துவோரோய்ரி என்ற ஊரில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். டானிட்சா அங்கே பிறந்தவள்தான். தெற்குத் தீவுக்காரர்கள் எப்படி இழுத்துப் பேசுவார்களோ அப்படித்தான் பேசுவாள். அணிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியூர் போனால் நானும் அவளும் ஒரே அறை.

"அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு ரன்வா," என்றாள் மெதுவாக. "டூரிட் கையத் தூக்கவே இல்ல, அதுக்குள்ள அவங்க கோல்கீப்பர் கத்துறா. கிட்டத்துக் கம்பம், கிட்டத்துக் கம்பம்னு. ஏழு தடவையும் இதேதான்."

"அப்படித்தான் கத்தினான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது எங்கப்பா பாஷை."

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். இன்றைக்கு அது எனக்குத் தெரியும். அன்றைக்கு என் மனம் வேறு கணக்குப் போட்டது. மைதானத்தில் பதினோரு பேர் இருந்தோம், அந்தப் பாஷை தெரிந்தவள் இவள் ஒருத்தி. வந்து என்னிடம் இதைச் சொல்கிறாளே, எதற்கு? யாரும் கேட்பதற்கு முன்னால் தானே முந்திக்கொள்கிறாளா?

அந்த நினைப்பு சும்மா வரவில்லை. முந்தின நாள் மதியம் நான் ஓட்டல் அறை ஜன்னலில் நின்று துவைத்த துணியை உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே கார் நிறுத்தும் இடத்தில் டானிட்சா நின்றாள். அவளோடு கறுப்புச் சட்டை போட்ட ஒரு நடுவயது அம்மாள், கூடவே ஓர் ஆள். அந்த ஆள் போட்டிருந்தது மாண்டினீக்ரோ அணியின் சிவப்பு மேலங்கி. டானிட்சா பைக்குள்ளிருந்து மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அந்த அம்மாள் கையில் கொடுத்தாள். அம்மாள் ஒரு கனத்த துணிப்பையை இவளிடம் கொடுத்தாள். மூவரும் சிரித்தார்கள். அறைக்கு வந்ததும், யார் அது என்று கேட்டேன். அத்தை என்றாள். அந்த ஆளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பையில் உலர்ந்த அத்திப்பழம் இருந்தது. எனக்கும் கொடுத்தாள், நானும் தின்றேன்.

சனிக்கிழமை காலை ஹானுஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தூங்கியவர்போலத் தெரியவில்லை. ஏழு கார்னரையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் அவருக்கு ஒரு ஜெர்மன்காரர் மீது சந்தேகம். போன வாரம் நாங்கள் பழகும்போது மைதானத்துக்கு மேலே மலைச்சரிவில் ஓர் ஆள் பைனாகுலரோடு நின்றிருந்தார். ஹானுஸ் மேலே ஏறிப்போய் விசாரித்ததற்குப் பறவை பார்க்க வந்தேன் என்றாராம். அக்டோபர் கடைசியில் இந்தத் தீவில் பார்ப்பதற்கு என்ன பறவை இருக்கிறது, எல்லாம் கடலுக்குப் போய்விட்டதே என்று ஹானுஸ் பொருமினார். பிறகு மைதானத்தைக் கழுவுகிறவர், பேருந்து ஓட்டுநர் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்து ஒதுக்கினார். கடைசியில் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலில் கண்டதைச் சொன்னேன்.

ஒரே அறையில் இருப்பவளைப் பற்றிச் சொல்கிறோமே என்று உறுத்தியது. ஆனாலும் சொன்னேன்.

"நீ அவகூடத்தான் இருக்கே," என்றார் ஹானுஸ். "கொஞ்சம் கண்ணு வச்சுக்க. வேற ஒண்ணும் வேணாம்."

கோபன்ஹேகனில் விமானம் மாற வேண்டும். எங்கள் ஊரில் மூடுபனி, விமானம் இறங்க முடியாது என்று சொல்லி நாள் முழுக்க விமான நிலையத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். எங்களுக்கு இது பழக்கம்தான். பாதிப் பேர் பின்னல் ஊசியை எடுத்தார்கள். மற்ற நேரமாக இருந்தால் கேலியும் கிண்டலுமாகப் பொழுது போயிருக்கும். அன்றைக்கு யாரும் சத்தமாகப் பேசவில்லை. யாரோ எதிரணிக்குச் சொல்லிவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் டானிட்சாவுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

அவள் தூணோரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பாஷையில், வேகமாக, இடையில் சிரித்துக்கொண்டு. டூரிட் பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நாம பக்கத்துல இருக்கறப்பவே பேசலாம், என்ன? நமக்குத்தான் ஒண்ணும் புரியாதே."

"அப்பாகிட்டயா இருக்கும்," என்றேன்.

"இருக்கும். அப்பாவும் அந்த ஊர்க்காரர்தானே."

டூரிட் சொன்னதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை, அல்லது நான் தேடவில்லை.

கொஞ்ச நேரத்தில் டானிட்சா காப்பி வாங்கப் போனாள். பையைப் பார்த்துக்கொள் என்று என் காலடியில் வைத்துவிட்டுத்தான் போனாள். நான் பார்த்துக்கொள்ளவில்லை, திறந்தேன். செவிலியர் படிப்புப் புத்தகம், அத்திப்பழப் பை, ஒரு சின்ன நோட்டு. நோட்டில் கோல் கம்பமும் கட்டமும் போட்டு அம்புக்குறிகள் வரைந்திருந்தாள். தடுப்புச் சுவர், நீண்ட வீச்சு, எல்லாம் இருந்தது. ஆட்டுமந்தை மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. அடுத்த தாளில் பேனா அழுத்திய தடம் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஐந்து வட்டம், நான்கு அம்பு ஒரு பக்கம், ஓர் அம்பு மறுபக்கம். அந்த ஓர் அம்பு நான்.

நோட்டை உள்ளே வைத்து, பையை மூடி, அவள் கொண்டுவந்த காப்பியை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை வேண்டாம் என்பதை அவள் நினைவு வைத்திருந்தாள். நான் அதைக்கூடச் சந்தேகத்தோடு நினைத்துப் பார்த்தேன். என்னை ஏன் இத்தனை கவனிக்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தோம். அன்று மதியமே ஹானுஸிடம் கிழிந்த தாளைப் பற்றிச் சொன்னேன். டூரிட்டும் கூட இருந்தாள். அவள் முகம் வெளிறியது. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன், நானும்தான் பயந்திருந்தேன். டானிட்சாவை வெளியே உட்காரவைத்துவிடலாம் என்றேன். ஹானுஸ் தலையை ஆட்டினார். இடது ஓரத்துக்கு வேறு ஆள் இல்லை. தவிர, கணக்கு வாத்தியாருக்கு நிரூபணம் வேண்டும்.

அவர் சொன்ன யோசனை இதுதான். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் மற்ற எல்லோரும் பழைய ஆட்டுமந்தையையே ஆடுவோம். டானிட்சாவிடம் மட்டும், திட்டம் தலைகீழாக மாறிவிட்டது, பந்து தூரக் கம்பத்துக்கு வரும், நீ அங்கே தனியாகப் போய் நில் என்று சொல்ல வேண்டும். முதல் கார்னரில் மாண்டினீக்ரோக்காரிகள் தூரக் கம்பத்தைக் காவல் காத்தால் சொன்னவள் யார் என்று தெரிந்துவிடும். ஒரு கார்னர் வீணாய்ப் போகும், போகட்டும். நாங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் இது தெரியும். டானிட்சாவிடம் யார் சொல்வது என்று கேட்டார். டூரிட் கீழே குனிந்துகொண்டாள். நான் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை எங்கள் தலைநகர் டோர்ஷாவ்னில் அணியோடு தங்கியிருந்த அறையில் அவள் சட்டை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். மீன் ரகம் பிரிக்கிற குரலில், சாதாரணமாக.

அவள் மடித்த சட்டையை மறுபடி பிரித்துவிட்டாள். "நான் தனியாவா? எனக்கே பந்து வருதா?"

"ஆமா."

"ஹானுஸ் சொன்னாரா இத?"

"ஹானுஸ்தான் சொன்னார். யார்கிட்டயும் பேசாதே. நம்ம பொண்ணுங்ககிட்டகூட. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்குத் தெரியும்."

"சொல்ல மாட்டேன்." சட்டையை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். பிறகு சொன்னாள்: "நேத்தெல்லாம் யாருமே என்கூடப் பேசல. என்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா இது."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உள்ளதைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அரை மணி நேரம் கழித்து அவள் தாழ்வாரத்தில் நின்று போனில் பேசினாள். எனக்குப் புரியாத அந்தப் பேச்சுக்கு நடுவில் "ரன்வா" என்ற சொல் இரண்டு முறை தெளிவாகக் கேட்டது. சொல்லிவிடும் எண்ணம் போய்விட்டது. கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்தே காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. ஆட்டம் ஐந்து மணிக்கு. அரங்கில் இடமில்லை. ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்திவிட்டு எங்கள் ஆட்கள் வந்திருந்தார்கள். வுகோட்டா தெற்குத் தீவிலிருந்து கப்பலில் வந்திருந்தார். எங்கள் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் யாருக்குக் கைதட்டுகிறார் என்று நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குத்தான் தட்டினார். அதைக்கூட நடிப்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தாறாவது நிமிடத்தில் முதல் கார்னர். நாங்கள் மந்தையாகக் கூடினோம். டானிட்சா நான் சொன்னபடி எங்களை விட்டு விலகித் தூரக் கம்பத்துக்குப் போனாள். நான் பந்தைப் பார்க்கவில்லை, மாண்டினீக்ரோக்காரிகளைப் பார்த்தேன். அவர்களுடைய கோல்கீப்பர் கத்தினாள். அந்த இரண்டு சொல்லும் இப்போது எனக்கு மனப்பாடம். கிட்டத்துக் கம்பம். ஆறாம் எண்காரி என் முன்னால் வந்து நின்றாள், போட்கொரீட்சாவில் நின்ற அதே இடத்தில். தூரக் கம்பத்தில் டானிட்சாவைச் சுற்றி ஒருத்திகூட இல்லை. அங்கே இப்படி ஒருத்தி நிற்கிறாள் என்பதையே அவர்கள் கவனிக்கவில்லை.

பந்து வந்தது, ஆறாம் எண்காரி வெளியே முட்டினாள், ஆட்டம் தொடர்ந்தது. இவள் சொல்லவில்லை. இவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கோட்டோரம் நின்ற ஹானுஸைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. கையை விரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டாம் பாதியில், அறுபத்தெட்டாவது நிமிடம், இன்னொரு கார்னர். நான் டூரிட்டிடம் ஓடிப்போய், தூரக் கம்பத்துக்கே அடி என்று காதில் சொன்னேன். காற்று அந்தப் பக்கம்தான் தள்ளியது. நான் வழக்கம்போலக் கிட்டத்துக் கம்பத்துக்குப் பாய்ந்தேன், அவர்கள் மூன்று பேர் என்னோடு பாய்ந்தார்கள். பந்து எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போனது. டானிட்சா குதிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்தில் நெற்றியைக் கொடுத்தாள். கோல்.

எல்லோரும் அவள்மேல் விழுந்தார்கள். நான் போய்ச் சேரும்போது டூரிட் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே ஏதோ உளறிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வரி எனக்குக் கேட்டது. டானிட்சாவுக்கும் கேட்டது.

"நல்லவேளைடி, உன்கிட்ட மட்டும் மாத்திச் சொன்னோம்."

டானிட்சா கையை எடுத்துவிட்டாள். டூரிட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. முதல் கார்னரில் தான் மட்டும் தனியாக நின்றது, நாங்கள் பழையபடி ஓடியது, விமான நிலையத்துக் காலி நாற்காலிகள், எல்லாவற்றையும் அவள் கூட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. திரும்பி, தன் இடத்துக்கு நடந்து போனாள்.

மீதி இருபது நிமிடமும் பிசகில்லாமல் ஆடினாள். அவள் பக்கமாக ஒருத்தியும் தாண்டி வரவில்லை. ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமம். இனிமேல் அரை மணி நேரக் கூடுதல் ஆட்டம். நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது டானிட்சா ஹானுஸிடம் போனாள்.

"என்னை எடுத்துடுங்க."

"அடிபட்டிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? இன்னும் அரை மணி நேரந்தான்."

"இவங்க பின்னாடி நான் நிக்கறப்ப, நான் எந்தப் பக்கம்னு யோசிச்சுட்டே ஓடுவாங்க. அது டீமுக்கு நல்லதில்ல."

அவள் சட்டைக்குமேல் குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் ஜெயித்தோம். கூடுதல் நேரத்தில் யாரும் கோல் போடவில்லை. பெனால்டியில் எங்கள் கோல்கீப்பர் தபால்காரி இரண்டைத் தடுத்தாள். அரங்கமே அதிர்ந்தது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். உடை மாற்றும் அறைக்கு நான் ஓடியபோது டானிட்சாவின் கொக்கி காலியாக இருந்தது. அப்பாவோடு கப்பலுக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

வெளியே நடைவழியில் மாண்டினீக்ரோவின் துணைப் பயிற்சியாளர் கைகொடுக்க வந்தார். ஸ்டானா என்று பெயர், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி. அழுத கண். ஆனாலும் சிரித்தார். உடைந்த ஆங்கிலத்தில் பேசினார்.

"அந்தக் கடைசி கார்னர்ல எங்கள ஏமாத்திட்டீங்க. மத்தது எனக்குத் தெரியும். கிட்டத்துக் கம்பம். ரொம்ப அழகான கார்னர்."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

அவருக்கு என் கேள்விதான் ஆச்சரியம். "உங்க கிளப் மேட்ச்லதான். செப்டம்பர்ல அதுலயே நீங்க ரெண்டு கோல் போட்டீங்களே. எல்லாம் இணையத்துல இருக்கே. நான் உங்க மேட்ச் பதினொண்ணு பாத்தேன். உங்க ஊர்ல அவ்வளவு மழை பெய்யுமா?"

ரூனாவீக்கில் எங்கள் கிளப் அணிக்கும் நான்தான் தலைவி. ஆட்டுமந்தை நன்றாகப் பழகட்டும் என்று கிளப் பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நம் ஊர் ஆட்டத்தை நம் ஊரைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? ஹானுஸ் வாயிலைப் பூட்டிக்கொண்டு கற்றுக் கொடுத்ததை, ஊரறிய ஆடிக் காட்டியது நான்தான். நான்கு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த ஆள் நான்தான்.

அன்றே ஹானுஸிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். கிளப் ஆட்டத்தைத் தானும் பார்க்கவில்லையே என்று வருந்தினார். பிறகு, ஜெயித்தாகிவிட்டது, இப்போது எதற்கு அதைக் கிண்ட வேண்டும், அந்தப் பெண்ணிடம் நான் போனில் பேசிச் சரிசெய்கிறேன் என்றார். அவர் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை நான் கப்பல் ஏறினேன். இரண்டு மணி நேரப் பயணம், கடல் மோசமாக இருந்தது. துவோரோய்ரியில் வுகோட்டாதான் கதவைத் திறந்தார். என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்று சொன்னேன். ஜன்னலில் பார்த்தது, நோட்டைத் திறந்தது, பொய்யாகத் திட்டம் சொன்னது, கடைசியில் குற்றம் என்னுடையது என்று தெரிந்தது. எதையும் குறைக்கவில்லை. அவர் இருபத்தைந்து வருடமாகப் பேசிவரும் எங்கள் பாஷையில் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அந்தக் காயிதம் நான் எங்கக்காவுக்கு எழுதின லெட்டர். ஒம்பது வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. போஸ்ட்ல போட்டா பிரிக்காமக் கெடாசிடுவா, நீ கையில குடுத்துட்டு நில்லு, படிக்கற வரைக்கும் போகாதேன்னு பொண்ண அனுப்பினேன். கூட வந்தவன் அவ மருமகன். அந்த டீமுக்குப் பஸ் ஓட்டறான்." கதவில் சாய்ந்துகொண்டார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் போன் பண்ணா. ரன்வா என்னை நம்பிட்டாப்பா, ரன்வாதான் வந்து சொன்னான்னு சொன்னா. என்ன சொன்னான்னு கேட்டேன். அத சொல்லக் கூடாதுன்னுட்டா."

உள்ளேயிருந்து டானிட்சா வந்தாள். அவர் விலகிக்கொண்டார்.

"அந்தக் கிழிச்ச பக்கம்?" என்றேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் என் வாயில் விசாரணைதான் வந்தது.

"டூரிட் கேட்டா. கையத் தூக்கற நேரம் மறந்து மறந்து போகுதுன்னா. வரைஞ்சதைக் கிழிச்சுக் குடுத்தேன். எழுதக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், அதுல தப்பு எம்பேர்லயும் இருக்கு." கதவுப் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீ என்கிட்ட கேட்டிருக்கலாம் ரன்வா. பக்கத்துக் கட்டில்லதானே படுத்திருந்தே."

மன்னித்துவிடு என்றேன். யோசிக்கிறேன் என்றாள். காப்பி தரட்டுமா என்று கேட்கவில்லை. அடுத்த கப்பலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. துறைமுகத்தில் நின்று காத்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் அடுத்த சுற்றுக்காக அணி கூடியபோது, ஹானுஸ் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் எல்லோர் முன்னாலும் எழுந்து நடந்ததைச் சொன்னேன். தலைவிக்கான கைப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். டூரிட் அழுதாள், தாள் தன்னிடம்தான் இருந்தது, பயத்தில் வாய் திறக்கவில்லை என்றாள். அறையில் பலர் தரையைப் பார்த்தார்கள். காலி நாற்காலிகளை யாரும் மறந்திருக்கவில்லை. பட்டை தபால்காரிக்குப் போனது.

டானிட்சா வந்திருந்தாள். நம் அணிக்காக வந்தேன், உங்களுக்காக இல்லை என்று அவள் ஹானுஸிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னோடு பேசினாள், தேவைக்கு. சிரிக்கவும் சிரித்தாள், மற்றவர்களோடு.

அந்தச் சுற்றில் எங்களுக்கு வாய்த்தது எங்களைவிட எல்லாவற்றிலும் பெரிய நாடு. இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம், தகுதிப் பயணம் அதோடு முடிந்தது. முதல் ஆட்டத்தில் எங்களுக்கு ஒரே ஒரு கார்னர் கிடைத்தது. ஹானுஸ் புதிதாக ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார், பந்து டானிட்சாவுக்குத்தான் போக வேண்டும். நாங்கள் கூடி நின்றபோது அவள் தன் இடத்துக்குப் போகாமல் என்னிடம் வந்தாள்.

"இது எல்லாருக்கும் சொன்னதா?"

"எல்லாருக்கும்," என்றேன்.

தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நடுவர் விசில் ஊதி அவசரப்படுத்தினார். அவள் பொருட்படுத்தவில்லை. கார்னர் கொடிவரை நடந்து போய், டூரிட்டிடமும் அதையே கேட்டுவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.